எட்டிப் பார்க்கிறவன்: ஒரு டைரக்டரை வீட்டுக்கு அனுப்பிய படம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். படத்தின் முடிவு உட்பட எல்லாமே இதில் வருகிறது. கொலை, குழந்தையைத் துன்புறுத்துவது பற்றிய பேச்சும் உண்டு.)



1960 ஏப்ரல். லண்டனில் ஒரு புதுப் படம் ரிலீஸ் ஆகிறது. டைரக்டர் புது ஆள் இல்லை. முப்பது வருஷமாகப் படம் எடுக்கிறவர், பிரிட்டிஷ் சினிமாவில் பெரிய பேர். பத்திரிகைக்காரர்கள் படம் பார்த்துவிட்டுப் போய் எழுதுகிறார்கள். டெரெக் ஹில் என்பவர் ட்ரிப்யூன் பத்திரிகையில் எழுதியதன் சாரம் இது: இதை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருக்கிற சாக்கடையில் கொட்டிவிடுங்கள், அப்பவும் நாற்றம் போகாது. டெய்லி எக்ஸ்பிரஸின் லென் மோஸ்லி அப்போதுதான் ஆசியா சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். கிழக்கு பாகிஸ்தானின் தொழுநோயாளர் குடியிருப்பு, பம்பாய்ச் சந்து, கல்கத்தாச் சாக்கடை, எதுவுமே தன்னை இந்தப் படம் அளவுக்குக் குமட்டவைக்கவில்லை என்கிறார். (உங்க ஊர் டைரக்டரைத் திட்ட எங்க ஊரை எதுக்கு சார் இழுக்குறீங்க?) அப்சர்வர் பத்திரிகையின் சி. ஏ. லெஜூன் அந்தக் காலத்தில் ரொம்ப மதிக்கப்பட்ட விமர்சகர். அவரும் படத்தைக் கடுமையாகத் திட்டினார்.

விநியோகஸ்தர் பயந்துபோய் சீக்கிரமே படத்தைத் தூக்கிவிட்டார். டைரக்டருக்கு பிரிட்டனில் அதுவரை இருந்த இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

படத்தின் பெயர் 'பீப்பிங் டாம்'. டைரக்டர் மைக்கேல் பவல். பெயருக்கு அர்த்தம், மறைந்திருந்து எட்டிப் பார்க்கிறவன்.

'இது எல்லாருக்குமான படம் இல்லை'ன்னு நாம அடிக்கடி சொல்வோம். ஒரு படத்தைப் பற்றி அப்படிச் சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறோம்? இன்னிக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

யார் இந்த மைக்கேல் பவல்?

1905-இல் கென்ட் பகுதியில், கேன்டர்பரி பக்கத்தில் பிறந்தவர். மௌனப் படக் காலத்திலேயே சினிமாவுக்குள் வந்துவிட்டார். 1928-இல் ஹிட்ச்காக் எடுத்த 'ஷாம்பெயின்' படத்துக்கு ஸ்டில் போட்டோகிராபர் இவர்தான். இந்த ஹிட்ச்காக் தொடர்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1940-இல் வந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தை இயக்கியவர்களில் இவரும் ஒருவர். நம்ம மைசூர் பையன் சாபு நடித்த படம். அதற்கு முன்பே ஹங்கேரியிலிருந்து வந்த யூத எழுத்தாளர் எமரிக் பிரஸ்பர்கரோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். எழுத்து, தயாரிப்பு, இயக்கம் மூன்றுக்கும் இரண்டு பேர் பெயரையும் ஒன்றாகவே போடுவார்கள். 'கர்னல் பிளிம்ப்', 'பிளாக் நார்சிசஸ்', 'ரெட் ஷூஸ்' எல்லாம் இந்த ஜோடி எடுத்ததுதான். 'பிளாக் நார்சிசஸ்' கதை நடப்பது இமயமலையில். ஆனால் யூனிட் இந்தியா பக்கமே வரவில்லை. மலை, பள்ளத்தாக்கு எல்லாம் லண்டனுக்கு வெளியே பைன்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட்டும், கண்ணாடியில் தீட்டிய ஓவியமும். பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

1957-இல் சண்டை எதுவும் இல்லாமல் ஜோடி பிரிகிறது. பவல் அடுத்த கதைக்கு ஆள் தேடுகிறார். அப்போது வந்து சேர்கிறவர் லியோ மார்க்ஸ். மென்பொருள் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான்.

ரகசியக் குறியீடு எழுதியவர் எழுதிய திரைக்கதை

லியோ மார்க்ஸின் அப்பா லண்டன் சாரிங் கிராஸ் சாலையில் 84-ஆம் எண் கடையில் பழைய புத்தகம் விற்றவர். புத்தகப் பிரியர்களுக்கு அந்த முகவரி தெரிந்திருக்கும், பிற்காலத்தில் ஒரு புத்தகத்தின் தலைப்பாகவே ஆனது. கடையில் ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் வாங்கின விலையை ரகசிய எழுத்தில் குறித்து வைத்திருப்பார்கள். சின்னப் பையன் லியோ, எட்கர் ஆலன் போ எழுதிய ஒரு புதையல் கதையைப் படித்த வேகத்தில் அந்த ரகசிய எழுத்தை உடைத்துவிட்டான்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. குறியீடு உடைக்கிறவர்களின் கோட்டையான பிளெட்ச்லி பார்க் இவரை எடுத்துக்கொள்ளவில்லை. 1942-இல் எஸ்.ஓ.இ. என்கிற ரகசிய அமைப்புக்குப் போய்ச் சேர்கிறார். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நாடுகளுக்குள் பாராசூட்டில் ஆட்களை இறக்கிவிட்டு நாசவேலை செய்யவைக்கிற அமைப்பு அது. அந்த ஆட்கள் லண்டனுக்கு அனுப்புகிற வயர்லெஸ் செய்திகளின் பாதுகாப்பு மார்க்ஸின் பொறுப்பு.

அப்போது இருந்த முறை இப்படி. ஏஜென்ட் ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொள்வார். அதிலிருந்து ஐந்து சொற்களை எடுத்து, அந்த எழுத்துகளுக்கு எண் கொடுத்து, அதைச் சாவியாக வைத்துச் செய்தியின் எழுத்துகளை இரண்டு முறை கலைத்துப்போடுவார். இதில் ஓட்டை எங்கே இருக்கு? எல்லாருக்கும் தெரிந்த கவிதை என்றால் எதிரியும் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடுவான். இரண்டாவது, ஆளைப் பிடித்து அடித்தால் கவிதை வெளியே வந்துவிடும், அதுவரை அனுப்பிய பழைய செய்திகள் எல்லாமே திறந்துகொள்ளும். மார்க்ஸ் தீர்வு தேடினார். முதலில் தானே புதுக் கவிதைகள் எழுதிக் கொடுத்தார். பிறகு சாவிகளைப் பட்டுத் துணியில் அச்சடித்தார். ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் அந்தத் துண்டை வெட்டி எரித்துவிட வேண்டும். சட்டை உள்பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டால் சோதனை போடுகிறவன் தடவிப் பார்த்தாலும் காகிதம் மாதிரிச் சரசரக்காது. நினைவில் இல்லாத சாவியை எந்தச் சித்திரவதையாலும் வெளியே எடுக்க முடியாது.

இன்னொரு விஷயம். நெதர்லாந்திலிருந்து வருகிற செய்திகளைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் வந்தது. காரணம், அதில் தப்பே இல்லை. உயிருக்குப் பயந்து, ஒரு மாடி அறையில் ஒளிந்து, அவசரமாகக் குறியீடு எழுதுகிறவன் எங்காவது எழுத்தைப் பிசகித்தான் தீருவான். மற்ற நாட்டு ஏஜென்ட்கள் எல்லாரும் பிசகினார்கள். டச்சுக்காரர்கள் மட்டும் சுத்தமாக அனுப்பினார்கள். அப்படின்னா அவர்கள் அவசரத்தில் இல்லை, மேஜை போட்டு உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதாவது, பிடிபட்டுவிட்டார்கள். அவர் சந்தேகப்பட்டது சரி என்று பின்னால் தெரிந்தது. அவர் எச்சரித்தும் மேலிடம் நீண்ட காலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லண்டன் ஒவ்வொரு ஆளாக அனுப்பிக்கொண்டே இருந்தது, ஜெர்மானியர்கள் இறங்குகிற இடத்திலேயே காத்திருந்து பிடித்தார்கள்.

சர்வர் லாக்கில் ஒரு எரர்கூட இல்லை என்றால் எனக்குச் சந்தோஷம் வராது, லாக் எழுதுகிற ப்ராசஸ் செத்துப்போச்சா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆனால் மார்க்ஸ் பார்த்தது சர்வரை இல்லை, மனுஷங்களை. புறப்படும் முன்னால் நேரில் உட்கார்ந்து குறியீடு சொல்லிக்கொடுத்த அதே ஆட்களின் பயத்தை, பிறகு பாதுகாப்பான ஓர் அறையில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தார். அவர்களில் நிறையப் பேர் திரும்பி வரவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து இந்த மனிதர் எழுதிய திரைக்கதைதான் 'பீப்பிங் டாம்'. அடுத்தவர் பயத்தைப் பாதுகாப்பான தூரத்தில் இருந்து பார்ப்பது ஒரு மனுஷனை என்ன செய்யும் என்பதுதான் அந்தக் கதை. அவருடைய போர்க்கால வேலைக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் நான் போடுகிற கோடு இது. படம் பார்த்தால் நீங்களும் போடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் மார்க்ஸ் சொன்னது ஃபிராய்டின் வாழ்க்கைக் கதை. ஆனால் ஹாலிவுட்டில் ஜான் ஹூஸ்டன் அதே படத்தை அறிவித்துவிட்டார். சரி, இன்னொன்று இருக்கு என்று சொன்ன கதை இது.

கதை என்ன?

மார்க் லூயிஸ். லண்டனில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் ஃபோக்கஸ் புல்லர். கூச்ச சுபாவம், மெதுவான பேச்சு. கையில் எப்போதும் ஒரு 16 எம்எம் கேமரா. அந்தக் கேமராவின் ட்ரைபாட் கால் ஒன்றில் கத்தி இருக்கிறது. அதை நீட்டிக்கொண்டே பெண்களை நெருங்குகிறான், அவர்கள் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டே கொல்கிறான். இரவில் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்கிறான்.

இதெல்லாம் ட்விஸ்ட் இல்லை, முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். கொலைகாரன் யார் என்பது இந்தப் படத்தின் கேள்வியே இல்லை.

அவன் அப்பா ஒரு விஞ்ஞானி. பயம் நரம்பு மண்டலத்தை என்ன செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. சோதனைக்குக் கிடைத்தது சொந்த மகன். தூங்குகிற பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் அடிப்பார். படுக்கையில் பல்லி மாதிரி ஒரு பிராணியைத் தூக்கிப்போடுவார். பிள்ளை அலறுவதைப் படம் பிடிப்பார். அம்மா இறந்துகிடக்கும்போது பையன் பக்கத்தில் நிற்பதையும் படம் பிடிப்பார். அந்த வீட்டின் எல்லா அறைகளிலும் ஒலிப்பதிவுக் கருவி வேறு.

இப்போது கீழ்த்தளத்தில் ஹெலன் என்ற பெண் குடியிருக்கிறாள். அவளுக்கு மார்க் தன் சிறுவயதுப் படங்களைப் போட்டுக் காட்டுகிறான். அவள் பார்க்கும்போது அவள் முகத்தையே படம் பிடிக்கக் கேமராவை எடுக்கிறான், பழக்கதோஷம். ஆனால் ஹெலன் இந்தப் படத்தில் வேறு யாரும் செய்யாததைச் செய்கிறாள். நிறுத்து என்கிறாள். உன் அப்பா ஏன் இப்படிச் செய்தார், எனக்குப் புரியவை என்று கேட்கிறாள். ஒருநாள் இரவு சாப்பிடப் போகும்போது கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறாள். அவனும் வருகிறான். படத்தில் அவன் கொஞ்சம் சந்தோஷமாகத் தெரிவது அந்த ஒரு இரவுதான்.

ஹெலனின் அம்மாவுக்குக் கண் தெரியாது. இந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடிப்பது அவர்தான். மேலே ராத்திரி ராத்திரி நடக்கிற காலடிச் சத்தத்தை வைத்தே அவனை எடைபோட்டுவிடுகிறார்.

கடைசியில் நமக்கு ஒரு விஷயம் தெரியவருகிறது. கத்தியோடு ஒரு கண்ணாடியும் இருக்கிறது. சாகப்போகிறவர் தன் பயந்த முகத்தையே பார்த்துக்கொண்டு சாக வேண்டும். போலீஸ் கதவைத் தட்டும்போது மார்க் அதே கத்தியில் தன்னையே குத்திக்கொள்கிறான், தன் கேமராக்கள் எல்லாம் தன்னைப் படம் பிடிக்க. திரை இருட்டான பிறகு ஒரு குழந்தைக் குரல் கேட்கிறது, அப்பாவிடம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி.

அந்த அப்பா வேடத்தில் நடித்தது யார் தெரியுமா? மைக்கேல் பவலேதான். சின்ன வயது மார்க்காக நடித்தது அவருடைய சொந்த மகன் கொலம்பா. மார்க்கின் வீடாகக் காட்டுகிற மெல்பரி சாலை, பவல் அப்போது குடியிருந்த தெரு. ஆக, மனுஷங்களுக்கு முன்னால் கேமரா வைத்துப் பிழைக்கிறவன் யார் என்று கேட்கும்போது பவல் விரலை முதலில் தன் பக்கம்தான் நீட்டினார்.

ஏன் இவ்வளவு கோபம்?

அதே 1960-இல் இரண்டே மாசத்தில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வந்தது. அதிலும் கூச்ச சுபாவமுள்ள இளைஞன், பெற்றோர் செய்த சேதம், எட்டிப் பார்ப்பது, பெண்கள் கொலை எல்லாம் உண்டு. அதற்கும் திட்டு விழுந்தது, லெஜூன் அந்தப் படத்திலிருந்து பாதியில் எழுந்து போனார். ஆனாலும் படம் கோடி கோடியாக அள்ளியது. ஹிட்ச்காக் சாமர்த்தியசாலி. விமர்சகர்களுக்குத் தனிக்காட்சி போடவில்லை, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டருக்கு உத்தரவு போட்டார்.

விளம்பர உத்தி மட்டும் காரணம் இல்லை. 'சைக்கோ' கறுப்பு வெள்ளை, பழைய பேய்வீட்டு வாசனை. யார் கொலைகாரன் என்பது கடைசிவரை மறைந்திருக்கிறது. முடிந்ததும் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்கி நம்மை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். அவன் வேறு, நாம் வேறு.

'பீப்பிங் டாம்' அந்த வசதியைத் தரவில்லை. முதல் கொலையை நாம் அவனுடைய வியூஃபைண்டர் வழியாகவே பார்க்கிறோம், நடுவில் குறுக்குக் கோடுகளோடு. அடுத்த காட்சியில் அதே காட்சி புரொஜெக்டரில் ஓடுகிறது. இருட்டு அறையில் அவன் உட்கார்ந்து பார்க்கிறான். தியேட்டர் இருட்டில் நாமும் உட்கார்ந்து அதையேதான் பார்க்கிறோம். டிக்கெட் வாங்கி வந்து. மேலும் அவன் முகத்தில் அரக்கன் இல்லை. நடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல்ஹைன்ஸ் போம், 'சிசி' படங்களில் இளம் பேரரசராக வந்து குடும்பம் குடும்பமாக ரசித்த நாயகன். பார்க்கிறவருக்கு அவன்மேல் பரிதாபம் வருகிறது. பரிதாபம் வந்ததற்காக அடுத்த நிமிஷம் தன்மேலேயே கோபம் வருகிறது.

இதோடு இன்னொன்று. படத்தை வெளியிட்ட ஆங்கிலோ அமால்கமேட்டட் கம்பெனி அதற்கு முந்தின வருஷம் 'ஹாரர்ஸ் ஆஃப் தி பிளாக் மியூசியம்' என்ற ரத்தக்களரிப் படத்தையும் விட்டிருந்தது. அதற்காக யாரும் ஒருத்தர் பிழைப்பைக் கெடுக்கவில்லை. மட்டமான படம் மட்டமாக இருந்தால் யாருக்கும் வருத்தம் இல்லை. 'ரெட் ஷூஸ்' எடுத்த மரியாதையான ஆள், அதே அழகான வண்ணத்தில், 'ரெட் ஷூஸ்' நாயகி மொய்ரா ஷியரரையே இதில் கொல்லவைத்ததுதான் துரோகமாகத் தெரிந்தது.

என்னைக் கேட்டால், அந்த விமர்சகர்கள் படத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளவே இல்லை. ரொம்பச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்களைப் பார்த்து, நீ ஏன் பார்க்கிறாய் என்று ஒரு படம் கேட்டது. அது அவர்கள்மேல் பட்டது. பட்டதை நாற்றம் என்று எழுதினார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சாகிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஹெலனைத் தவிர அவர்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. எட்டிப் பார்ப்பதைக் கேள்வி கேட்கிற படத்தில், அன்றைக்குப் பிரபலமான நிர்வாண மாடல் பமேலா கிரீனும் நடிக்கிறார், கம்பெனியும் அதை வைத்தே வியாபாரம் பார்த்தது. தான் திட்டுகிற சரக்கையே படமும் கொஞ்சம் விற்கிறது. இதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடாது.

அப்புறம் என்ன ஆச்சு?

பவல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் இரண்டு படம் எடுத்தார். டிவி எபிசோடுகள் எடுத்தார். 1972-இல் பழைய கூட்டாளி பிரஸ்பர்கரோடு சேர்ந்து குழந்தைகளுக்காக ஒரு சின்னப் படம். அதோடு சரி.

கடலுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில், இந்த ஜோடியின் படங்களைச் சின்ன வயதில் டிவியில் பார்த்து வளர்ந்த பையன் ஒருவன் டைரக்டர் ஆகியிருந்தான். மார்ட்டின் ஸ்கார்செஸி. அவர் பவலைத் தேடிப்பிடித்தார். 'பீப்பிங் டாம்' மறுபடி வெளிவர உதவினார். 1979-இல் நியூயார்க் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. 'ரேஜிங் புல்' சோதனைக் காட்சிகளைப் பார்த்து, குத்துச்சண்டைக் கையுறையின் சிவப்பு நிறம் உறுத்துகிறது என்று பவல் சொன்னது, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிற முடிவுக்கு ஒரு காரணமானது. அதன் எடிட்டர் தெல்மா ஸ்கூன்மேக்கரை 1984-இல் பவல் திருமணம் செய்துகொண்டார். லியோ மார்க்ஸையும் ஸ்கார்செஸி விடவில்லை, 'லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' படத்தில் சாத்தானின் குரல் அவருடையதுதான்.

பவல் 1990-இல் இறந்தார். நான்கு வருஷம் கழித்து, 1960-இல் படத்தைக் கடுமையாகத் தாக்கியவர்களில் ஒருவரான சண்டே டைம்ஸ் விமர்சகர் டிலிஸ் பவல் (உறவு எதுவும் இல்லை, பெயர் ஒற்றுமைதான்), தொண்ணூறு தாண்டிய வயதில் அதே பத்திரிகையில் மறுபடி அந்தப் படத்தைப் பற்றி எழுதினார். அது ஒரு மகத்தான படம் என்றார், பவலிடம் மன்னிப்பும் கேட்டார். கேட்க அவர் உயிரோடு இல்லை. முப்பது வருஷம் கழித்துத் திறமை அங்கீகரிக்கப்பட்டது என்று நாம் சந்தோஷமாக முடித்துவிடலாம்தான். ஆனால் நடுவில் அவர் எடுக்காமல் போன படங்களை எந்த விழாவிலும் திரையிட முடியாது.

சரி, யார் பார்க்கலாம்?

வன்முறை என்று பார்த்தால் இன்னிக்கு ஓடிடியில் வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இதில் இல்லை. ரத்தம் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனாலும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்ல மாட்டேன். சில பேருக்கு இது நிஜமாகவே வேண்டாத படம். சின்ன வயதில் பயத்தோடு வளர்ந்தவர்கள் யோசித்துவிட்டுப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1960-இல் ஒரு அப்பா தன் பிள்ளையின் வாழ்க்கை முழுவதையும் படம் பிடித்து வைப்பது விசித்திரமான கற்பனை. அதற்கு ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி தேவைப்பட்டார். இன்னிக்கு அதற்கு ஒரு போன் போதும். பிள்ளையை பயமுறுத்தி, அது அழுவதை எடுத்து, சிரிக்கிற எமோஜி போட்டு ஏற்றுகிற ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். முழுசாகப் பார்த்தோமா, தள்ளிவிட்டோமா என்பது நமக்குத்தான் தெரியும். சரியாகச் சொன்னால், நமக்கும் அந்த ஆப்புக்கும்.

'எல்லாருக்குமான படம் இல்லை' என்றால் பெரும்பாலும் புரியாத படம் என்று நினைத்துக்கொள்கிறோம். 'பீப்பிங் டாம்' எல்லாருக்கும் புரிகிற படம். அதனால்தான் தாங்க முடியவில்லை. பார்க்கிறவன் சும்மா பார்க்கவில்லை என்று அது சொன்னது. அந்தக் கதையில் ஒரே ஒருத்தி மட்டும் நிறுத்து என்று சொல்லிவிட்டு ஏன் என்று கேட்டாள். உயிரோடு மிஞ்சியதும் அவள்தான்.

பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். பாதியில் நிறுத்திவிட்டால் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக ஆசை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.